மாஞ்சிக்காரிக்கு எழுதியது

தேத்ரி தேவி எனக்குத் தரவேண்டியது ஆயிரத்து நூற்றிருபது ரூபாய். மாதம் நூற்றறுபது, ஏழு மாதம். ஏழு ரசீதுகளும் கட்டைவிரல் ரேகையோடு என் தகரப்பெட்டியில் இருந்தன.

இந்தத் தேத்ரி தேவி என் மனைவி இல்லை. என் மனைவியின் பெயரும் தேத்ரி தேவிதான். மூன்று ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு பிறக்கும் பெண்ணுக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஊருக்கு ரெண்டு மூன்று தேத்ரி இருப்பார்கள். ஆனால் கட்டிக்கொண்டு வந்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊர்க்காரி. என் மனைவி சரயு நதிக்கரையில் மாஞ்சியிலிருந்து வந்தவள், அதனால் மாஞ்சிக்காரி. என் அம்மா அப்படித்தான் கூப்பிட்டாள். அண்ணன் அப்படித்தான் கூப்பிடுகிறார். நானும் அப்படித்தான். ஊரிலேயே பிறந்த பெண்களுக்கு மட்டும்தான் ஊர் வாயில் பெயர் உண்டு.

இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும் தப்புப் பண்ணினேன். எழுத்துக் கற்றுக்கொண்டதால் வந்த தப்பு.

கல்கத்தாவுக்கு வடக்கே கங்கையோரத்துச் சணல் மில்லில் எனக்குப் பதினாறு வருஷம். எங்கள் சிவான் ஜில்லா, சாப்ரா, பலியா, ஆரா என்று எல்லா இடத்து ஆட்களும் அங்கே உண்டு. ஒரு அறைக்கு ஒன்பது பேர். ஒருவன் எழுந்து போனால் அவன் படுத்த சூடு ஆறுமுன் அடுத்தவன் படுப்பான். பணம் அனுப்பக் குடியிருப்பு லைன் முனையில் எழுதிக் கொடுக்கும் முன்ஷி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மணியார்டர் ஃபாரத்துக்கு எட்டணா. ஃபாரத்தின் அடியில் நாலு வரி எழுத ஒரு துண்டு உண்டு, அது பணம் வாங்குகிறவருக்கு. நான் எங்கள் போஜ்புரியில் சொல்வேன், அவர் ஹிந்தியில் எழுதுவார். "அவளுக்குக் கணுக்கால் வீக்கம் வத்திச்சான்னு கேளுங்க" என்று நான் சொன்னால், "இங்கு யாவரும் நலம், அங்கு யாவர் நலனும் வேண்டுகிறேன்" என்று எழுதிவிட்டு மையை ஊதிக் காயவைப்பார்.

"நான் சொன்னது அது இல்லையே, முன்ஷிஜி."

"பேசறது வேற, எழுதறது வேறடா. நீ பேசற பேச்சுல எவனாவது கடுதாசி எழுதுவானா? போஸ்ட் ஆபீஸ்ல சிரிப்பாங்க."

அதோடு, பணம் போவது அண்ணன் ராம்சகல் பெயருக்கு. தம்பி பெண்டாட்டியின் கணுக்காலைப் பற்றி அண்ணனுக்கு எழுத முடியுமா? அதனால் பதினாலு வருஷக் கல்யாணத்தில் நான் மாஞ்சிக்காரிக்கு எழுதியது மொத்தமும் யாவரும் நலம்தான்.

முப்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் இஸ்ராயில் மியான் சொல்லிக் கொடுத்தார். அவரும் தறிக்காரர்தான். மற்றவர்களுக்கு முதலில் அவரவர் பெயர். எனக்கு மட்டும் வேறு. என் பெயர் லகன் மஹ்தோ. மில்லில் எனக்கு ஜக்ரூப் சாவ் என்று பெயர். ஜக்ரூப் சாவ் என்பவன் காசநோயில் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் வேலை அட்டையை, ஆள் சேர்க்கும் சர்தாருக்கு இருநூறு கொடுத்து வாங்கி, பதிலியாக நுழைந்தவன் நான். மில்லில் பாதிப் பேர் இப்படி இன்னொருவன் பெயரில்தான் உழைக்கிறோம்.

"முதல்ல சம்பளக் காகிதத்துக்கு உண்டான பேரைக் கத்துக்கோ" என்றார் மியான். "அது சோறு போடுது. உன் சொந்தப் பேருக்கு என்ன அவசரம்?"

ஆக, நான் முதலில் எழுதிய பெயர் செத்துப்போன ஒருவனுடையது.

ஹோலி முடிந்த மாதம் முதல் ஃபாரத்தை நானே எழுதினேன். மியான் சொன்னபடி நாலு வரி: பெயர், ஊர், தபால், ஜில்லா. பெயர் என்ற இடத்தில் தேத்ரி தேவி என்று எழுதினேன். இன்னாரின் மனைவி என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். நாலு வரி என்று சொன்னாரே, ஐந்தாவது எப்படி எழுதுவது? அனுப்புகிறவன் பெயர் ஜக்ரூப் சாவ். முன்ஷி எப்போதும் லகன் மஹ்தோ என்றுதான் எழுதுவார், ஆனால் என் கைக்கு எழுத வந்த பெயர் அதுதான். அண்ணனுக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லி அனுப்பவில்லை. தபால்காரர் முற்றத்தில் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும், அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு யாரையோ என்று திரும்பிப் பார்க்கவேண்டும். இதைப் பல நாள் நினைத்து வைத்திருந்தேன்.

அடித் துண்டில் பேச்சில் வருகிற மாதிரியே எழுதினேன். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

மூன்று வாரத்தில் ரசீது திரும்பி வந்தது. பெறுபவர் கையொப்பம் என்ற இடத்தில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல். அவள் கையிலிருந்து என் கைக்கு நேராக வந்த முதல் சாமான் அது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பக்கத்துப் படுக்கைக்காரன், "என்னடா, சினிமாக்காரி படமா?" என்பான். ஏழு மாதம் இப்படிப் போயிற்று. கடைசித் துண்டில், தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதினேன்.

ரயில் தாமதம். தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம்தான் எங்கள் ஊர் பிப்ரையாவுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கெழக்க போனவனை வங்காளத்துக்காரி ஆடாக்கிக் கட்டிவெச்சுட்டான்னு நெனச்சோம்" என்றார். "கொம்பு எங்கடா?"

"என்னண்ணா பேசறீங்க?"

"ஏழு மாசமா ஒரு தம்பிடி இல்ல. நான் என்ன, உன் பெண்டாட்டிக்கும் பொண்ணுக்கும் வானத்துலேர்ந்து தானியம் கொட்டவா?"

உள்ளே மாஞ்சிக்காரி தண்ணீர்ச் செம்பைக் கையில் தராமல் எட்டத் தரையில் வைத்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. அவள் அம்மா போட்ட வெள்ளிக் காறையைக் காணோம்.

"காறை எங்க?"

"கடைத்தெரு சேட்டுகிட்ட. நம்ம சுபாகிக்கு டைபாய்டு வந்துச்சு. அறுநூத்தி நாப்பதுக்கு வெச்சேன்." பிறகு மெதுவாக, "அவளுக்கு என்ன பேரு?" என்றாள்.

"யாருக்கு?"

"ஏழு மாசச் சம்பளம் சாப்பிட்டவளுக்கு."

நான் பெட்டியைத் திறந்து ரசீதுகளை அவள் முன் பரப்பினேன். நூற்றறுபது, நூற்றறுபது என்று படித்துக் காட்டினேன். நான் படித்ததைக் கண்டு ஒரு கணம் அவள் முகம் மாறிற்று. பிறகு ஒரு ரசீதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தன் இடது கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தாள். கோதுமை அறுக்கும்போது அரிவாள் பட்டு, விரலின் குறுக்கே அவளுக்குப் பழைய வெட்டு ஒன்று உண்டு. மையில் அந்த வெட்டு இல்லை.

"இது என் விரல் இல்ல" என்றாள்.

ஏழு மாதம் நான் எடுத்து எடுத்துப் பார்த்தது யாரோ ஒருத்தியின் விரலை.

மறுநாள் கோதன் பண்டிகை. அன்றைக்கு எங்கள் பெண்கள் காலையில் கூடி, சாணியில் எமனைச் செய்து உலக்கையால் குத்துவார்கள். குத்துமுன் அண்ணன் தம்பிகளையும் புருஷனையும் செத்துப்போ, பாம்பு கடிக்கட்டும் என்று வாய் கொண்டமட்டும் சபிப்பார்கள். பிறகு கண்டங்கத்தரி முள்ளால் தங்கள் நாக்கில் குத்திக்கொண்டு, சபித்தவர்களை எல்லாம் திரும்ப உயிரோடு எழுப்புவார்கள். சபிக்கப்பட்டவனுக்கு ஆயுசு கூடும். சபிக்க ஆள் இல்லாத ஆண் பரிதாபத்துக்குரியவன்.

மாஞ்சிக்காரி திரும்பி வந்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என்னை நல்லாத் திட்டினியா?"

"உங்களுக்கு ரெண்டு பாம்பு விட்டேன். ஒண்ணு போதாதுன்னு தோணுச்சு." உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். "மேலத்தெரு தேத்ரி இருக்காங்களே, ஊர் முறைக்கு நாத்தனார், அவங்க இன்னைக்குப் புருஷனைத் திட்டினாங்க பாருங்க. எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க. இத்தனை வருஷம் அவங்க அண்ணனுங்களை மட்டும்தான் திட்டுவாங்க. புருஷன் முறை வந்தா உதட்டை மூடிப்பாங்க. இந்த வருஷம் செவப்புச் சேலை கட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சபிச்சாங்க."

அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

தபால்காரர் திவாரி பாபா வீடு அடுத்த ஊரில். மாஞ்சிக்காரி நாலடி பின்னால் முக்காட்டோடு வந்தாள். பாபா வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்தார். ரசீதைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"தேத்ரி தேவிக்குத்தானே குடுத்தேன்."

"தேத்ரி தேவி இவதான், பாபா."

அவர் என் மனைவியை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இவ மாஞ்சிக்காரி இல்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

"பிப்ரையாவுல தேத்ரின்னா மேலத்தெரு ராம்ஜனம் தங்கச்சிதாண்டா. பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் அவ வீட்டைத்தான் காட்டும். அனுப்பினவன் பேரும் ஜக்ரூப் சாவ்னு இருக்கு. நீ லகன்."

"மில்லுல நான் ஜக்ரூப்."

"நானும் அதையேதாண்டா சொன்னேன் அவகிட்ட." பாபாவின் குரல் இறங்கிவிட்டது. "பேரு வேறயா இருக்கேன்னு முழிச்சா. புருஷன் பேரைக் கேட்டா வாய் திறந்து சொல்ல மாட்டா, நான் எப்படிச் சரிபார்க்கறது? மில்லுல எல்லாரும் அடுத்தவன் பேருலதான் இருக்காங்க, உன் ஆளாத்தான் இருக்கும்னேன். அடியில எழுதியிருந்ததைப் படிச்சேன். அதைக் கேட்டதும் உக்காந்துட்டா. கடுதாசி பாஷை இல்லடா அது, முத்தத்துல நின்னு பேசற பேச்சு. அவரேதான்னா. நாலு தடவை படிக்கவெச்சா."

பிறகு அவரே மெதுவாக மீதியைச் சொன்னார். தேத்ரியின் புருஷன் கல்யாணமான ஐந்தாம் மாதம் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கிழக்கே போனவன். பன்னிரண்டு வருஷமாகச் செய்தி இல்லை. பன்னிரண்டு வருஷம் தாண்டினால் தர்ப்பையில் பொம்மை கட்டிக் கொளுத்திக் காரியம் செய்துவிடுவது வழக்கம். அவள் அண்ணன்மார்கள் புரோகிதரிடம் நாளும் குறித்துவிட்டார்கள். வளையல் உடைக்கப் பதினோரு நாள் இருக்கும்போது என் முதல் மணியார்டர் வந்திருக்கிறது.

"எனக்கு சர்வீஸ் ரெண்டு வருஷம்தான் பாக்கி, லகன்" என்றார் பாபா. "புகார் மட்டும் குடுத்துடாத. அவ தரலைன்னா நான் தவணையில தரேன்."

திரும்பும் வழியில் மாஞ்சிக்காரி வேகமாக நடந்தாள். வழக்கத்துக்கு மாறாக எனக்கு முன்னால்.

"நேரா அங்க போறோம். நான் பேசறேன். நீங்க வாயத் திறக்காதீங்க."

"பாவம் டீ."

"எனக்கும் பாவம்தான். என் கழுத்துல கை வெச்சுப் பாருங்க." கொஞ்ச தூரம் போய், "என்ன எழுதியிருந்தீங்க?" என்றாள்.

"நாலு வரிதான்."

"நாலு வரிக்கு ஒரு பொம்பளை உக்காந்துட்டான்னு சொல்றாரு அவரு. எனக்கு வரவேண்டியதைக் கேட்டு அவ உக்காந்திருக்கா."

அவள் கோபம் பணத்தின் மேல் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தேத்ரி அண்ணன்மார் வீட்டுக்குப் பின்னால் தனிக் குடிசையில் இருக்கிறாள். ஒரு எருமை, ஒரு கன்று. அண்ணன்மார் வயலுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் படலைத் திறந்தபோது, அதே சிவப்புச் சேலையில் அவள் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் ஒரு நொடி விழுந்து, பிறகு மலர்ந்தது.

"வாங்க அண்ணி, வாங்க. ஏழு மாசமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க, இப்ப அண்ணன் வந்ததும் தெருவுல நடக்கறீங்க. அண்ணா, கோதனும் அதுவுமா உங்களைத் தேடி நானே வரணும்னு இருந்தேன்." வறுத்த கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் வெங்காயமும் போட்டுச் செம்பில் கொண்டுவந்தாள். நான் குடிக்கும்வரை பொறுக்கவில்லை.

"நீங்க அந்த கங்கையோரத்து மில்லாமே. அங்க ஜக்ரூப் சாவ்னு ஒருத்தரைத் தெரியுமா?"

செம்பு என் வாயிலேயே நின்றது. மாஞ்சிக்காரி வாயைத் திறக்காதே என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அவளும் முக்காட்டைத்தான் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும்" என்றேன்.

"எப்படி இருக்காரு? இளைச்சிருக்காரா?"

"இருக்கான். இளைச்சுத்தான் இருக்கான்."

"முடி நரைச்சிருக்குமே."

முக்காட்டுக்குள்ளிருந்து மாஞ்சிக்காரி என் தலையைப் பார்ப்பது தெரிந்தது. "காதோரம்" என்றேன்.

"போகும்போது ஒரு முடிகூட வெளுக்கலை." தேத்ரி சிரித்தாள். "தீபாவளிக்கு வரேன்னு எழுதியிருந்தாரு. மூணு நாளா ரயில் நேரத்துக்கெல்லாம் வாசல்ல நிக்கறேன். எருமை கூட என்னைப் பாத்துச் சிரிக்குது. லீவு கிடைக்கலையா அண்ணா? உங்களுக்குக் கிடைச்சிருக்கே."

நான் மாஞ்சிக்காரியைப் பார்த்தேன். அவள் எதைச் சொல்ல வந்தாளோ அதைச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாத்தனாரே" என்றாள் கடைசியில். "அந்தச் சீட்டெல்லாம் இருக்கா? கொண்டாங்களேன். உங்க அண்ணன் இப்பப் படிக்கறாரு."

"நெசமாவா? திவாரி பாபா மென்னுக்கிட்டே படிப்பாரு, பாதி வேப்பங்குச்சிக்குப் போயிடும்." உள்ளே ஓடினாள். மஞ்சள் துணியில் சுற்றியிருந்த ஏழு துண்டுகளையும் வந்த வரிசையிலேயே என் கையில் தந்தாள்.

என் எழுத்து. கோணல், மாணல். முதல் துண்டில் ஒரு இடத்தில் காகிதம் கிழிந்தே போயிருந்தது, பேனாவை அப்படி அழுத்தியிருக்கிறேன்.

"நான்தான் எழுதறேன். வேற யாரும் இல்ல. கை வலிக்குது."

மாஞ்சிக்காரியின் விரல் தரையில் நின்றது.

"மாமரம் காய்ச்சுச்சா? கிளி தின்னா தின்னட்டும், வெயில்ல நின்னு விரட்டாத."

"இங்க சூடு. நீ கரைக்கிற கடலைமாவு இங்க யாருக்கும் வர மாட்டேங்குது."

"பாத்தீங்களா" என்றாள் தேத்ரி என் மனைவியிடம். "அஞ்சு மாசம் சாப்பிட்டது, இன்னும் நாக்குல இருக்கு."

"கீழ்க்காத்து மழை வந்தா கிழக்குக் கூரை ஒழுகும். பானையை நகத்தி வை."

"இதைக் கேட்டுத்தான் எனக்குச் சந்தேகமே போச்சு. கிழக்க ஒழுகறது வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கொண்டுவந்து விட்டப்ப இந்தக் குடிசையிலதான் தங்கினாரு."

கீழ்க்காற்று மழைக்கு எங்கள் ஊரில் எல்லார் கூரையும் கிழக்கேதான் ஒழுகும். நான் அடுத்த துண்டை எடுத்தேன்.

"சின்னதுக்குப் பாலைக் குறைக்காத."

"அன்னைலேர்ந்து கன்னுக்குட்டிக்கு ஒரு காம்பு விட்டுடறேன்" என்றாள் தேத்ரி. எங்கள் சுபாகி அந்த மாதம்தான் டைபாய்டில் கிடந்தாள். மாஞ்சிக்காரி முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

ஆறாவது துண்டு. "விடியக்காலம் சங்கு ஊதினா எழுந்துடறேன். அப்புறம் தூக்கம் வராது. உன்கூடப் பேசிக்கிட்டே இருக்கேன்."

துண்டில் அவ்வளவுதான். இடம் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அதை எழுதிய அன்றைக்கு என் மனதில் இன்னும் இருந்தது. மாஞ்சிக்காரி கேட்கிறாள் என்ற ஒன்றைத் தவிர எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. எப்போது காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தேன் என்று தெரியவில்லை.

"உன்னை அழைச்சுக்கிட்டு வந்த அன்னைக்கு, படகு ஏறும்போது உன் ஒத்தைச் செருப்பு ஆத்துல போச்சு. நீ அழுதே. வேற வாங்கித் தரேன்னு சொன்னேன். இத்தனை வருஷமா வாங்கலை. சங்கு ஊதினதும் அதுதான் முதல்ல ஞாபகம் வருது."



"அது இந்தச் சீட்டுல இல்லையே அண்ணா" என்றாள் தேத்ரி.

நான் குனிந்து காகிதத்தைப் பார்த்தேன்.

"எனக்கு எழுத்து தெரியாது. ஆனா ஏழும் மனப்பாடம். பேசிக்கிட்டே இருக்கேன், அதோட முடிஞ்சுது." அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாஞ்சிக்காரியை. முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்குவது யாருக்கும் தெரியாமல் இருக்கிற விஷயம் இல்லை. "எங்க கல்யாணத்துல ஆறு கிடையாது. நான் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் மாட்டுவண்டிப் பாதை."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். எதிர்பார்க்காதது, அவள் அழவில்லை. ஒரு விரலை வாயில் விட்டு நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் முள் குத்திய இடம்.

"அண்ணி, பன்னெண்டு வருஷமா நான் அவரைச் சபிச்சதில்ல. உயிரோட இருக்காரான்னு தெரியாத ஆளை எப்படிச் செத்துப்போன்னு சொல்றது? பலிச்சுட்டா? இந்த வருஷம்தான், பணம் வருதே, இருக்காரேன்னு மனசாரத் திட்டிட்டேன். பாம்பு, இடி, ரயிலு, எல்லாத்தையும் கூப்பிட்டுட்டேனே."

மாஞ்சிக்காரி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முள்ளு குத்திக்கிட்டீங்கல்ல?"

"குத்திக்கிட்டேன்."

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப ஆயுசுதான். நான் இவருக்கு ரெண்டு பாம்பு விட்டேன். கல்லு மாதிரி உக்காந்திருக்காரு பாருங்க."

தேத்ரியின் வாய் சிரிக்கப் பார்த்துக் கோணியது. எழுந்து உள்ளே போனாள். தானியக் குதிருக்குள்ளிருந்து ஒரு மண்கலயத்தைக் கொண்டுவந்து மாஞ்சிக்காரி மடியில் கவிழ்த்தாள். எல்லாம் நூறும் பத்தும் ஒன்றுமாக, மடிப்புக் கலையாமல்.

"அவரு வந்ததும் குடுக்கலாம்னு செலவழிக்கலை. சேலை அறுபத்தெட்டு, வளையல் பன்னெண்டு, குங்குமம் ஆறு. மீதி இருக்கு. ஆயிரத்து முப்பத்து நாலு. எண்பத்தாறு குறையுது. நடவுக்கு வந்து கழிச்சுடறேன்." வளையலைத் தள்ளிப் பார்த்தாள். "இதை நானே உடைச்சுடறேன். அண்ணனுங்க வந்தா நானே சொல்லிடறேன். பொம்மை கட்டட்டும்."

"யாரு உங்களைச் சொல்லச் சொன்னா?" என்றாள் மாஞ்சிக்காரி.

"திவாரி பாபா?"

"அவரு பென்ஷன் வாங்கறவரைக்கும் ஊமை."

"அண்ணா?"

"இவரு மில்லுல வேற ஆளு. இங்க வேற ஆளு. ரெண்டு பேரும் வாயத் திறக்க மாட்டாங்க."

மாஞ்சிக்காரி பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்தாள். பிறகு கையை நீட்டி என்னிடமிருந்து ஏழு துண்டுகளையும் வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சிலதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். "எது எதுன்னு சொல்லுங்க" என்றாள். இது மாமரம், இது கூரை, இது பால் என்று நான் விரல் வைத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாக முடிச்சுக்குள் வைத்தாள். சங்கு ஊதும் துண்டு வந்ததும் நிறுத்தினாள். அதையே வெகுநேரம் பார்த்தாள். விட மனசில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அதைத் தேத்ரி மடியில் வைத்தாள்.

"இதுல மரமும் இல்ல, கூரையும் இல்ல, யாரு பேரும் இல்ல. கெழக்க இருக்கற எவனும் எழுதலாம். உங்க அண்ணனுங்க கேட்டா காட்ட ஒண்ணு வேணுமில்ல." முந்தானை முடிச்சை இறுக்கினாள். "செருப்பு மட்டும் என்னோடது."

தேத்ரி துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அண்ணா, திரும்பிப் போனா கொஞ்சம் தேடிப் பாருங்க. இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். வேற பேருலதான் இருப்பாரு."

"தேடறேன்" என்றேன். அந்த லைனில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். அது மாதிரி லைன் கரையோரம் ஐம்பது இருக்கும். தேடுவேன்.

நாங்கள் எழுந்தோம். படல்வரை வந்தவள், "நில்லுங்க அண்ணா" என்று திரும்பி ஓடினாள். காலையில் உலக்கைக்கு அடியில் வைத்து எடுத்த கடலை கொஞ்சம் அவளிடம் மிச்சம் இருந்தது. கோதன் அன்றைக்குத் தங்கை தரும் கடலையை அண்ணன் மெல்லக் கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். அவள் ஐந்து மணிகளை என் உள்ளங்கையில் வைத்து, நெற்றியில் சாந்து இட்டாள். நான் விழுங்கினேன். காய்ந்த கடலை தொண்டையில் மெதுவாகத்தான் இறங்கும்.

விழுங்கியவன் தங்கைக்குச் சீர் தரவேண்டும். சட்டைப் பையில் கையை விட்டேன். ரயில் டிக்கெட்டின் பாதிதான் இருந்தது. அசட்டுத்தனமாக மாஞ்சிக்காரியைப் பார்த்தேன். முடிச்சை அவிழ்ப்பாள் என்று நினைத்தேன்.

அவள் அவிழ்க்கவில்லை.

"என்ன தேடறீங்க?" என்றாள். "நீங்க குடுத்தாச்சு. சேலை, வளையல், குங்குமம். எண்பத்தாறு ரூபாய். பாக்கி ஒண்ணும் இல்ல."